செவிப்பாடம்

இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரம் சொன்னது. அது ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம், ஆக ஐம்பத்தைந்து என்று எப்சிபா கணக்குப் போட்டுக்கொண்டாள், அந்த ஐந்து நிமிஷத்தில் வானம் திறந்து ஏதோ கொட்டிவிடப்போகிற மாதிரி. கொட்டும், மண்ணாங்கட்டி. ஐம்பத்தைந்து நிமிஷம் கழித்து அவள் பெற்ற பிள்ளை எமீமாள், பதினொரு வயசு, இத்தனை பேருக்கு முன்னால் அந்த மேடையில் ஏறுவாள். இதுவரை கண்ணால் பார்த்தே இராத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, வாசி அம்மா என்பார்கள். எமீமாளுக்கு வாசிக்கத் தெரியாது. இது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று எமீமாள். இன்னொன்று, அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வீட்டில் வைத்து ஐந்து வருஷமாகத் தானே பாடம் சொல்லிக்கொடுத்த எப்சிபா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எப்சிபாவுக்கும் தெரியாது, இன்றைக்குச் சனிக்கிழமை, நடுவில் நாலு நாள் அவள் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், யாரோ கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே மேலே சிரித்துக்கொண்டும் திரிந்தாள். பாளையங்கோட்டையில் கோயிலை ஒட்டிய இந்தக் கூடத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை ஞானவாசல் குடும்ப ஐக்கியத்தின் சொற்பொழிவு நடக்கும். பதினாலு குடும்பம். பழங்காலத்து முறையில், வேதத்தை நடுவில் வைத்து, லத்தீனும் தர்க்கமும் சொல்லிக்கொடுத்துத் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்த்துக்கொள்வோம் என்று இறங்கியவர்கள். முன்வரிசையில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மனனப் பருவம் முடித்துத் தர்க்கப் பருவத்துக்குப் போகிறவர்கள், இன்றைக்கு அவர்களுக்குத்தான் விசேஷம். நடுவில் எமீமாள். நீல ரிப்பன், இரட்டைச் சடை, நடுவில் எடுத்த வகிடு காலையில் எப்சிபா எங்கோ நினைப்பாக எடுத்ததால் கொஞ்சம் கோணியிருந்தது. பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தக் கோணல் மட்டும்தான் தெரிந்தது.

மேடையில் குரியாக்கோஸ் ஐயா பேசிக்கொண்டிருந்தார். கோட்டயத்துக்காரர், டேராடூனில் இருபது வருஷம் இந்த முறையில் பிள்ளைகளை வளர்த்தவர், நல்ல மனுஷர், சட்டைப் பையில் கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொண்டு அதையே தேடுகிற மனுஷர். அவருக்கு இங்கிலீஷ்தான் ஓடும். பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்து நின்று தமிழாக்கியது ஆசீர், எப்சிபாவின் வீட்டுக்காரர், மின்வாரிய அலுவலகத்தில் உதவியாளர், ஐக்கியத்துக்குச் செயலாளர். ஐயா மெதுவாக ஒன்று சொல்வார், ஆசீர் அதையே ஒரு கட்டை ஏற்றிச் சொல்வார். ஐயா கையைப் பாதி தூக்கினால் ஆசீர் முழுசாகத் தூக்குவார். பிள்ளையின் முதல் ஆசிரியர் யார் என்று ஐயா கேட்டார். பிள்ளையின் முதல் ஆசிரியர் யார் என்று ஆசீர் கூரை அதிரக் கேட்டார். தாய் என்றார் ஐயா. தாய், என் அன்பான சகோதரிகளே, தாய் என்றார் ஆசீர். பக்கத்து நாற்காலியில் பெர்சி அக்கா தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள், தாய் என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டாள். ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை கேட்கிறதில் இருக்கிற கொடுமை இது, முதல் தடவை குத்தும்போது விலகிக்கொண்டாலும் இரண்டாவது தடவை சரியாக அதே இடத்தில் குத்திவிடும். காலையில் தேநீர் நேரத்தில் ஆசீராவது சும்மா இருந்திருக்கலாம். நிகழ்ச்சிநிரலில் என்ன இருந்தது, எமீமாள் வேதத்து நீண்ட சங்கீதத்தில் நாலு பகுதியும் லத்தீன் ஜெபமும் பாராமல் சொல்வாள் என்றுதானே இருந்தது. அது அவளுக்கு ஊதித் தள்ளுகிற காரியம். ஐயா தேநீரை ஊதிக்கொண்டே, பாராமல் சொல்வது அழகுதான், ஆனால் பருவம் மாறுகிற பிள்ளை முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை வாசித்து அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிக் காட்டினால் மற்ற குடும்பங்களுக்கு எவ்வளவு ஊக்கமாக இருக்கும் என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஆசீர், எங்க பொண்ணே செய்வா ஐயா என்றார். பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் எப்சிபா நின்றாள். அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தட்டை நீட்டினாள், ஐயா ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. எல்லாம் இந்தத் தொண்டையால் வந்தது. அல்லது தொண்டையால்தான் தெரிய வந்தது, தொண்டை என்ன செய்யும் பாவம். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது காற்று மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை. மிளகுத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பாடநேரம் ஒன்பது மணி, அதை மட்டும் ஆசீர் வீட்டில் தவற விடக்கூடாது. ஐக்கியத்தின் முறைக்குச் செவிப்பாடம் என்று பேர். தாய் புத்தகத்தை விரித்துவைத்து வரிக்குக் கீழே விரலை ஓட்டி மூன்று தடவை வாசிப்பாள், பிள்ளை பின்னாலேயே சொல்லும், மூன்று தடவை முடிந்ததும் பிள்ளை தனியாகத் தன் விரலை ஓட்டி வாசிக்கும். ஐந்து வருஷமாக இப்படித்தான். அன்றைக்குக் குரல் இல்லாததால் எப்சிபா, நீயே வாசி என்று சைகை காட்டிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். எமீமாள் புத்தகத்தை எடுத்தாள், விரலை வைத்தாள், கணீரென்று ஆரம்பித்தாள். அது திங்கட்கிழமைப் பாடம். விரல் மட்டும் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வரி முடிகிற இடத்தில் திரும்பியது, முற்றுப்புள்ளியில் ஒரு சொட்டு நின்றது. எப்சிபாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிள்ளை விளையாடுகிறது என்று. வந்து பக்கத்தைத் தட்டிக் காட்டினாள், இங்கே, இங்கே. எமீமாள் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து வெள்ளிக்கிழமைப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். எப்சிபா வெங்காயக் கையோடு அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். இன்னைக்கு செவ்வா என்றாள் பிள்ளை. அதற்குக் கீழே ஒரு சின்ன வரி, நாலே நாலு சொல், அதைக் காட்டினாள். பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றது. தாடை ஆடியது. தனித்தனியா நின்னா தெரியும்மா, சேந்து நின்னா ஓடிருது என்றாள். அந்த வார்த்தை எப்சிபாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்ததுதான், இந்த நாலு நாளாக எழுந்திருக்கவே இல்லை. சேர்ந்து நின்றால் ஓடிவிடுகிறது. எத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் எத்தனை வருஷமாகத் துரத்திக்கொண்டிருக்கிறது. அழுகைக்கும் அன்றைக்குக் குரல் இல்லை எப்சிபாவுக்கு. பிள்ளைதான் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க, நான் படிச்சிருவேன். எப்சிபா அவள் தலையில் கையை வைத்துத் தலையை ஆட்டினாள். கையை வைத்தால் அது சத்தியம்தான், வேறு பேர் கிடையாது. வெங்காயக் கை என்பதால் பிள்ளையின் கண்ணும் சேர்ந்து எரிந்தது.

சொற்கள் பிள்ளைக்குள் முதலில் காது வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று ஐயா சொன்னார், ஆசீர் அதைக் காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். நுழைந்தது ஐயா, எல்லாம் நுழைந்தது, எழுநூறு வசனம் நுழைந்திருக்கிறது, லத்தீன் வினைச்சொல் வரிசை வரிசையாக நுழைந்திருக்கிறது, ராஜாக்கள் பேர், நதிகள் பேர், கேள்வி பதில் நூற்றிச்சொச்சம். காட்டுகிற எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள், போன வருஷம் பார்த்தெழுதும் போட்டியில் முதல் பரிசு அவளுக்குத்தான். அது எழுதுவது இல்லை, வரைவது என்று இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன. எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டிய வருஷம் எது, ஏழு வயசு. அந்த வருஷம் எப்சிபா எங்கே இருந்தாள், கட்டிலில் இருந்தாள். இரண்டாவது உண்டாகி மூன்றாம் மாசமே உதிரம் பட்டு, அசையக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி, நாலு மாசம் கால்மாட்டில் தலையணை வைத்துப் படுத்துக் கிடந்தாள். ஏழாம் மாசத்தில் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் எழுந்திருக்கவில்லை, எழுந்து என்ன செய்ய என்று இருந்தது. எமீமாள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் வாசிக்கட்டாம்மா என்பாள், புத்தகத்தை விரித்துக்கொண்டு சங்கீதம் சொல்வாள். அந்தச் சத்தம்தான் எப்சிபாவைப் பிழைக்க வைத்தது, இதில் பொய் இல்லை. பிள்ளை வாசிக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். ஏழு வயசுப் பிள்ளை தனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துத் தாயின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சரி, அந்த வருஷம் போகட்டும். எழுந்த பிறகு ஏன் பார்க்கவில்லை. எட்டு வயசில், ஒன்பது வயசில், பத்து வயசில் ஏன் பார்க்கவில்லை. பார்த்தாய்டி, பார்த்தாய். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது போர்டைப் பார்க்காமல் யாரோ ஒரு பெரியவரிடம் போய் இது எங்க போகும் என்று கேட்டாளே, பார்த்தாய். கல்யாணப் பத்திரிகையில் உன் பேர் எங்கே இருக்கு என்று சித்தப்பா கேட்டதும் திடீரென்று தாகம் எடுத்து அடுக்களைக்கு ஓடினாளே, பார்த்தாய். பார்த்ததை எடுத்து உள்ளே எங்கேயோ போட்டு மூடியும் வைத்தாய், ஏனென்றால் கூட்டத்துக்குக் கூட்டம் பெண்கள் வந்து, எப்சி, ஒம்பொண்ணு மாதிரி எம்பிள்ள வரணும் என்று சொன்னது உனக்கு இனித்தது. இனித்ததா இல்லையா. இனித்தது. அவள் தகப்பனார் பாலைத் திருடிய பூனை மாதிரி என்பார், அப்படித்தான் இருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

நாற்பது நிமிஷம். இல்லை, முப்பத்தெட்டு. குளோரி மைனிக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே சந்தேகம் வந்தது. ஆசீருடைய அக்கா, நடுநிலைப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், இருபத்தேழு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். எமீமாளுக்கு எட்டு வயசிருக்கும்போது ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தம்பியைக் கூப்பிட்டு, பிள்ளைய எங்கிட்ட ஒரு மாசம் விடு, எனக்கு என்னமோ சரியாப் படல என்றாள். ஆசீர் குதித்த குதி வீட்டு ஓட்டைத் தொட்டது. அதுகூடப் பரவாயில்லை, ஆண்பிள்ளை கோபம். எப்சிபா என்ன சொன்னாள் அன்றைக்கு. ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்ல எத்தன பேருக்கு ஒரு சங்கீதம் முழுசாத் தெரியும் மைனி என்று கேட்டாள். மைனி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசலை இவர்கள் மிதிக்கவில்லை. அங்கே விட்டிருந்தால் இப்போது பிள்ளை வாசித்திருக்கும். அங்கே இப்போது கொண்டு விட்டாலும் வாசிக்கும். பதினொரு வயசு ஒன்றும் போய்விடவில்லை, மைனிக்கு அதற்கு வழி தெரியும், எழுத்து ஓடாமல் நிற்கவைக்க ஏதோ ஒரு வழி யாருக்காவது தெரிந்துதானே இருக்கும். ஆனால் ஆசீருக்குத் தெரிந்தாக வேண்டுமே. தெரிந்தால் என்ன ஆகும். அடிக்க மாட்டார், அடிக்கிற மனுஷர் இல்லை. பிள்ளையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். இப்போது அவளைப் பார்க்கும்போது ஒரு வெளிச்சம் வருகிறதே முகத்தில், அது அணைந்துவிடும், அந்த வெளிச்சத்துக்காகத்தான் இந்தப் பிள்ளை எழுநூறு வசனத்தையும் தலையில் சுமந்து நிற்கிறது. அதை எப்படி நான் என் வாயால் ஊதி அணைப்பேன் கர்த்தாவே. எழுந்து போய்விடலாமா. முன்வரிசைக்குப் போய் அவள் கையைப் பிடித்து, வயிறு வலிக்கிறது என்று இழுத்துக்கொண்டு வெளியே போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து, எங்கே, மைனி வீட்டுக்கு. சரி, எழுந்திரு. முழங்கால் கேட்கவில்லை. எழுந்திரு எப்சிபா. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று முழங்கால் சொன்னது. அப்புறம் ஒரு யோசனை வந்தது, துண்டுச்சீட்டு. பேச்சு நடக்கும்போதே சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது ஐக்கியத்தின் வழக்கம். பெர்சி அக்காவிடம் ஒரு தாள் வாங்கி, எமீமாளைக் கூப்பிடாதீங்க, அவளுக்கு வாசிக்க என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. சீட்டுகளை யார் பிரிப்பார், ஆசீர்தான் பிரிப்பார். எப்படிப் பிரிப்பார், மைக்கில் வாசித்துக்கொண்டே பிரிப்பார். எழுத்துக் கூட்டக்கூட வேண்டாம் அவருக்கு, கண்ணில் பட்டதும் வாயில் வந்துவிடும். எப்சிபா சீட்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பதினாறாக மடிக்க முடியவில்லை, அப்படியே உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டாள். என்ன கேள்வி எழுதின என்று பெர்சி அக்கா காதருகே கேட்டாள். ஒண்ணுமில்லக்கா, மறந்துபோச்சு என்றாள் எப்சிபா. பெர்சி அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டிருந்த அவள் மகள் ஒன்பது வயசு லோவிசாள், அவளும் பாராமல் நன்றாகச் சொல்லுகிற பிள்ளை, எப்சிபாவைப் பார்த்துச் சிரித்தாள். முன்வரிசையில் எமீமாளும் அப்போது திரும்பினாள். அவளுக்கு நிகழ்ச்சி மாறியது தெரியாது, காலையில் யாரும் சொல்லவில்லை. சங்கீதமும் லத்தீனும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று தைரியமாக இருக்கிறாள். தாயைப் பார்த்து, எப்படி என்று கண்ணால் கேட்டாள். எப்சிபா சிரித்துத் தலையை ஆட்டினாள், இது எவ்வளவு பெரிய துரோகம் என்று ஆட்டும்போதே தெரிந்தது.

ஐயா சீக்கிரமாக முடித்துவிட்டார். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது, அதை அவர் கொடுக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நான் பேசியது போதும், ஒரு பிள்ளையைக் கேட்போம் என்றார். ஆசீர் அதைத் தமிழில் சொன்னபோது குரலில் தேன் ஒழுகியது. எமீமாள் மேடையேறினாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சங்கீதத்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள். ஆசீர் சுவரலமாரியைத் திறந்து பழைய சபைப் பத்திரிகைத் தொகுப்பு ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, நடுவில் எங்கேயோ ஒரு பக்கத்தை விரித்து அவள் கையில் வைத்தார். எமீமா, இதுல ஒரு பத்தி வாசிச்சு, என்ன சொல்லுதுன்னு ஐயாவுக்குச் சொல்லு பாப்போம் என்றார். பிள்ளை புத்தகத்தைப் பார்த்தது. விரலை எடுத்து முதல் வரியில் வைத்தது. அப்புறம் நிமிர்ந்து நேராக எப்சிபாவின் வாயைப் பார்த்தது. கண்ணை இல்லை, வாயை. அந்த வாய் அசைந்தால் போதும், தானும் பின்னாலேயே போய்விடலாம் என்று பார்த்தது. இத்தனை தூரத்திலிருந்து அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எப்சிபாவுக்கு எப்படித் தெரியும், ஒரு வரி, ஒரே ஒரு வரி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளே, உயிரைக் கொடுத்தாவது சொல்லியிருப்பாளே. கூடம் காத்திருந்தது. வெக்கப்படுதா என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எமீமாளின் தாடை ஆட ஆரம்பித்தது, செவ்வாய்க்கிழமை ஆடிய அதே மாதிரி, எப்சிபாவால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். முழங்காலைக் கேட்கவே இல்லை.

"ஏங்க, அவளுக்கு வாசிக்க வராது" என்றாள். குரல் கரகரத்துப் பாதி காற்றாக வந்தது, ஆனாலும் சின்னக் கூடம், கடைசி வரிசைவரை கேட்டது. "அவமேல தப்பில்ல. நான்தான் சொல்லிக் குடுக்கல. அவள விட்டுருங்க."

ஐயா புருவத்தை உயர்த்தி, அந்தச் சகோதரி என்ன சொல்கிறார் என்று ஆசீரிடம் இங்கிலீஷில் கேட்டார். ஆசீர் கையில் மைக் இருந்தது. பத்து வருஷமாக இந்த மனுஷன் மேடையில் அடுத்தவர் வார்த்தையை எடுத்துக்கொடுக்கிறவர், ஒரு சொல்லை விழுங்கினாலும் அது களவு என்று வீட்டில் வந்து சொல்கிறவர். அவர் எப்சிபாவைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தாள், கோபம் இல்லை, வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவன் முகம்தான் இருந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட வந்தது. பிறகு அவர் ஐயா பக்கம் திரும்பி, பிள்ளைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், தாய் பயப்படுகிறாள், பாராமல் ஏதாவது சொல்லட்டுமா என்று மணிமணியான இங்கிலீஷில் கேட்டார். எப்சிபாவுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும். கூடத்தில் பாதிப்பேருக்குப் புரியும். அடடா, தாராளமாக என்று ஐயா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார், அவருக்கு என்ன தெரியும் பாவம். எமீமாள் ஆரம்பித்தாள். சங்கீதம் மணி அடித்த மாதிரி வந்தது, ஒரு தடுக்கல் இல்லை, லத்தீன் ஜெபமும் வந்தது. கையில் விரிந்த பத்திரிகையை அவள் மூடவே இல்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள், விரல் வரிவரியாக இறங்கியது, ஒரு பகுதி முடிந்ததும் பக்கத்தைக்கூடத் திருப்பினாள். முடித்ததும் ஒரு குரல் ஆமென் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு குரல். அப்புறம் எல்லாரும் சொன்னார்கள், சற்று முன் எப்சிபா சொன்னதைக் காதால் கேட்ட அத்தனை பேரும் சொன்னார்கள், பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தார்கள், ஆசீர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எப்சிபா நின்றபடியே இருந்தாள். உட்காரு எப்சி என்று யாரோ சேலையை இழுத்ததும்தான் உட்கார்ந்தாள்.

எமீமாள் முன்வரிசைக்குப் போகவில்லை. நேராக வந்து தாய்க்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மிட்டாய்த் தாளைப் பிரித்தாள், மிட்டாயை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்கல்லா" என்றாள்.

எப்சிபா உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்த சீட்டைப் பிரித்தாள். சொன்னேன், தலையில் கையை வைத்துச் சொன்னேன், உடைத்துவிட்டேன். உடைத்தும் ஒன்றும் ஆகவில்லை, பிள்ளையின் நம்பிக்கை போனதுதான் மிச்சம். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு இதே பிள்ளை புத்தகத்தை விரித்து உட்காரும், ஆசீர் ஒன்றும் நடக்காத மாதிரி ஆபீசுக்குக் கிளம்புவார், இல்லை நாளை ஞாயிறு, திங்கட்கிழமை, திங்கட்கிழமைதான் அப்படி நடக்கும். மைனி வீட்டுக்கு எந்த பஸ், பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போக எவ்வளவு தைரியம் வேண்டும், இவள் இனி என்னோடு வருவாளா. மேடையில் இரண்டாவது பிள்ளை ராஜாக்களின் பேர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பெர்சி அக்கா எப்போதோ எழுதுவதை நிறுத்தியிருந்தாள். முன் நாற்காலியின் பின்னால் செருகியிருந்த பாட்டுப் புத்தகத்தை உருவி, யாரும் பாடாத கடைசிப் பக்கங்களில் ஏதோ ஒரு இடத்தை விரித்து, மடியில் சாய்ந்திருந்த லோவிசாளை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"இத வாசிட்டி" என்றாள் மெதுவாக.

லோவிசாள் பக்கத்தைப் பார்த்தாள். விரலை எடுத்து முதல் வரியில் வைத்தாள்.

"நீங்க மொதல்ல வாசிங்கம்மா" என்றாள்.